கொசுறுக்கு ஒரு சட்டம்: காய்கறி ஏற்றுமதியை உணவுப் பாதுகாப்பு விதிகள் எப்படிப் பாதிக்கின்றன?

நம் ஊரில் கறிவேப்பிலைக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. காய் வாங்கி முடித்ததும் கடைக்காரர் ஒரு கொத்து எடுத்துப் பையில் திணிப்பார். அவர் மறந்தால் நாமே கேட்டு வாங்குவோம். கொசுறுதானே.

அந்தக் கொசுறுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஆகஸ்டில் ஒரு தனிச் சட்டமே போட்டது. எண் 885/2014. இந்தியாவிலிருந்து வரும் வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் என்னென்ன நிபந்தனைகளோடு தங்கள் எல்லைக்குள் வரலாம் என்பதுதான் அதன் முழுச் சங்கதியும். காரணம், பூச்சிமருந்து எச்சம். 2019-ல் அந்தச் சட்டத்தை 2019/1793 என்ற பெரிய விதித்தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் கறிவேப்பிலை சந்தேகப் பட்டியலைவிட்டு இறங்கவில்லை.

காய்கறி ஏற்றுமதியில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விலை, விமானக் கட்டணம், வாங்குபவர் யார் என்ற மூன்றைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு விதி என்பது கடைசியில் ஏஜென்டிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஒரு காகிதம் என்று நினைப்பு. உண்மையில் அந்தக் காகிதத்தில் என்ன வரும் என்பது, சரக்கு விமானம் ஏறுவதற்குப் பல நாள் முன்பே, ஏற்றுமதியாளர் கண்ணில் படாத ஒரு தோட்டத்தில் முடிவாகிவிடுகிறது. இந்தத் தொழிலின் தலைவலி முழுக்க அதிலிருந்து தொடங்குவதுதான்.

ஒரே இலை, இரண்டு சட்டங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காய்கறி எல்லை தாண்டும்போது இரண்டு வகைக் கேள்விகள் வரும். இதைச் சாப்பிடுகிறவருக்கு ஏதாவது ஆகுமா என்பது ஒன்று. இதில் ஒட்டிக்கொண்டு வரும் பூச்சியோ நோயோ எங்கள் ஊர்ப் பயிரை அழிக்குமா என்பது இன்னொன்று. முன்னது உணவுப் பாதுகாப்பு, பின்னது தாவரப் பாதுகாப்பு. அதிகாரிகளும் வேறு, சான்றிதழ்களும் வேறு. தொழிலில் இருப்பவர்களே சில சமயம் இரண்டையும் கலந்து பேசுவார்கள்.

கறிவேப்பிலையை வைத்தே பார்க்கலாம். ஐரோப்பாவில் அதற்குப் பெரிய சிக்கல் மருந்து எச்சம். அமெரிக்காவிலோ நம் பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதியே கிடையாது. அதற்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதில் தங்கும் ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற சின்னப் பூச்சி, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பக்கூடியது. புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் இந்த நோயால் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் கறிவேப்பிலைப் பொட்டலத்தைக் கண்டு பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஒரு சொட்டு மருந்துகூட அடிக்காமல் இயற்கை முறையில் வளர்த்த இலையாக இருந்தாலும் அங்கே கதவு மூடியதுதான். அந்த இலையில் பூச்சி இருக்க வாய்ப்பு இன்னும் கூடுதல் என்றுகூடச் சொல்லலாம்!

2014 மே மாதம் ஐரோப்பா நம் மாம்பழத்தைத் தடை செய்தது பலருக்கு நினைவிருக்கும். அதே உத்தரவில் கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகிய நான்கும் சேர்ந்து மாட்டின. அதுவும் தாவரப் பாதுகாப்பு விவகாரம்தான். 2013-ல் மட்டும் இந்தியாவிலிருந்து போன 207 சரக்குகளில் பழ ஈ போன்ற பூச்சிகளைப் பிடித்திருந்தார்கள். பாகற்காய்க்குள் பழ ஈ முட்டை வைத்தால் வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். கப்பலோ விமானமோ ஏறி இறங்குவதற்குள் உள்ளே புழு நெளிய ஆரம்பித்துவிடும். மாம்பழத் தடை 2015 தொடக்கத்திலேயே விலகியது. காய்களுக்கு 2016 முடியும் வரை நீண்டது. நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் பழத்துக்கு டெல்லியிலிருந்து பேச ஆள் இருந்தது, புடலங்காய்க்கு யார் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அந்தச் சமயத்தில்தான், ஐரோப்பாவுக்குப் போகும் காய்கறி எல்லாம், மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடா அங்கீகரித்த பேக் ஹவுஸ் (காயைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் கூடம்) வழியாகத்தான் போக வேண்டும், அங்கேயே தாவரப் பாதுகாப்பு அதிகாரி பார்த்துச் சான்று தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அதுவரை மார்க்கெட்டில் வாங்கி, ஒரு ஷெட்டில் வைத்துப் பெட்டி கட்டி, நேரே விமான நிலையத்துக்குக் கொண்டுபோனவர்களுக்குத் தொழிலின் முகமே மாறிப்போனது.

சரி, இனி உணவுப் பாதுகாப்புப் பக்கம் மட்டும் பார்ப்போம்.

0.01 என்றால் எவ்வளவு?

எம்.ஆர்.எல். என்ற மூன்று எழுத்தை இந்தத் தொழிலில் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கலாம். ஒரு கிலோ காயில் ஒரு குறிப்பிட்ட மருந்து அதிகபட்சம் இத்தனை மில்லிகிராம் இருக்கலாம் என்ற வரம்புதான் அது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி எண். ஐரோப்பாவில் 2005-ல் வந்த 396/2005 என்ற சட்டம் இந்த எண்களை மொத்தமாக ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்தது. பட்டியலில் எண் குறிக்கப்படாத மருந்து என்றால் தானாகவே 0.01 மில்லிகிராம்தான் வரம்பு.

அதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்வதென்றால், பத்து டன் லாரிகள் பத்தை வரிசையாக நிறுத்துங்கள். அத்தனையிலும் வெண்டைக்காய் நிரம்பியிருக்கிறது. மொத்தம் 100 டன். அந்த நூறு டன்னுக்கும் சேர்த்து அந்த மருந்து 1 கிராம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் விதிமீறல். பத்துக் கோடியில் ஒரு பங்கு.

இதைக் கேட்டதும், "அவ்வளவு துளியில் யாருக்கு என்ன ஆகிவிடும்?" என்று தோன்றும். நியாயமான கேள்விதான். இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. எம்.ஆர்.எல். என்பது விஷத்தின் கோடு கிடையாது. அதைத் தாண்டிய வெண்டைக்காயைச் சாப்பிட்டவர் மயங்கி விழுவார் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு மருந்தைச் சொன்ன பயிருக்குச் சொன்ன அளவில் அடித்து, சொன்ன நாள் காத்திருந்து பறித்தால் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்த அளவு உடலுக்குக் கேடில்லை என்று தெரிந்தால் அதை ஒட்டியே வரம்பு வைக்கிறார்கள். அந்தப் பயிருக்கு அந்த மருந்தே அனுமதி இல்லை என்றால், முறையாகப் பார்த்தால் அது காயில் இருக்கவே கூடாது. இருக்கக்கூடாததற்கு எவ்வளவு இடம் கொடுப்பது? ஆய்வகக் கருவி நம்பகமாக அளக்கக்கூடிய கீழ்மட்டம் எதுவோ, பெரும்பாலும் அவ்வளவுதான். 0.01 என்ற எண் அப்படி வந்தது. ஆக, அந்த எண் கேட்பது "இந்த மருந்து இங்கே எப்படி வந்தது?" என்ற கேள்வியைத்தான்.

இது வெள்ளைக்காரன் நம்மை ஒழிக்கப் போட்ட திட்டம் என்று பேசுகிறவர்களும் உண்டு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யும் வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்குப் பொதுவாக இதே 0.01-ஐத்தான் வைத்திருக்கிறது, மசாலாப் பொருட்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் தளர்வு. சட்டப் புத்தகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வாசலில் நின்று சோதிப்பவர் இருக்கிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

ஆனால் ஒன்றில் அவர்கள் குறை சொல்வது சரி. ஐரோப்பா தன் விவசாயத்துக்குத் தேவைப்படும் மருந்துகளுக்கு வரம்பைக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறது. அங்கே விளையாத கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் யார் சோதனைச் செலவு செய்து எண் வாங்கித் தரப் போகிறார்கள்? அதனால் நம் ஊர்க் காய்கள் பலவும் அந்த அடிமட்ட எண்ணில் போய் நிற்கின்றன. வரம்புகள் மாறிக்கொண்டும் இருக்கும். குளோர்பைரிபாஸ் என்ற மருந்தை ஐரோப்பா 2020-ல் அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் பயிர்களுக்கெல்லாம் வரம்பு 0.01-க்கு இறங்கியது. நம் ஊர் உரக்கடையில் அது அதற்குப் பிறகும் கிடைத்தது.

தோட்டத்தில் நடப்பது

கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டங்கள் அதிகம். செங்காம்பு என்ற ரகம் மணத்துக்குப் பெயர் பெற்றது. ஒரு முறை வெட்டிவிட்டால் மறுபடி தழைத்து வெட்டுக்கு வர இரண்டரை, மூன்று மாதம் ஆகும். துளிர் வரும்போது சில்லிட் பூச்சி, செதில் பூச்சி, இலைப்புள்ளி என்று வரிசையாக வரும். இலைதான் இங்கே விற்கும் பொருள். ஒரு ஓட்டை விழுந்தாலும் விலை போகாது. அதனால் மருந்தடிக்கும் கை தாராளமாகிறது.

எந்த மருந்தை அடிப்பது? இந்தியாவில் ஒரு பூச்சிமருந்து எந்தெந்தப் பயிருக்கு என்று மத்தியப் பூச்சிமருந்து வாரியத்தில் பதிவாக வேண்டும். நெல், பருத்தி, மிளகாய் போன்ற பெரிய பயிர்களுக்கு எக்கச்சக்கமான மருந்துகள் பதிவாகியிருக்கின்றன. கறிவேப்பிலை மாதிரிச் சின்னப் பயிருக்காகச் சோதனை நடத்திப் பதிவு வாங்க எந்த கம்பெனிக்கும் லாபம் இல்லை. விளைவு, விவசாயி சட்டப்படி நடக்க நினைத்தாலும் அடிக்கக்கூடிய மருந்து கடையில் அநேகமாக இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதையோ, உரக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையோ அடிக்கிறார்.

பறிப்புக்கு முந்தின நாள் ஏற்றுமதியாளருக்கும் தோட்டத்துக்காரருக்கும் நடக்கும் பேச்சு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"அண்ணா, நாளைக்கு வெட்டிக்கலாமுங்களா? மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுங்க?"

"அதெல்லாம் ஆச்சுங்க தம்பி. பதினஞ்சு நாளைக்கு மேல இருக்கும்."

"என்ன மருந்துங்கண்ணா?"

"பேரெல்லாம் தெரியலீங்க. கடையில குடுத்தாங்க. புழுவுக்கு அடிக்கறது. நீல முக்கோணம் போட்டிருக்கும், ரொம்ப விஷமெல்லாம் இல்லீங்க."

"அந்த டப்பாவ ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்கண்ணா."

போட்டோ வருகிறது. லேபிளில் பருத்திச் செடி படம்.

அந்தத் தோட்டக்காரர் பொய் சொல்லவில்லை. நம் மருந்து டப்பாக்களில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், பச்சை ஓரளவு லேசானது. ஆனால் அந்த நிறம் சொல்வது, மருந்தை உடம்பில் பட்டாலோ விழுங்கினாலோ உடனே வரும் ஆபத்தை. இலையில் எத்தனை நாள் தங்கும் என்று அது சொல்லாது. நீலமோ பச்சையோ ஒட்டிய மருந்துதான் ஐரோப்பிய எல்லையில் ஆளைக் கவிழ்க்கும் என்பதும் நடக்கும்.

வெண்டைக்காயில் சிக்கல் வேறு மாதிரி. மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்காதே என்று லேபிளில் காத்திருப்பு நாள் போட்டிருக்கும். ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். ஐந்து நாள் விட்டால் காய் முற்றி, நார் பாய்ந்து, உடைத்தால் ஒடியாது. இரண்டு பறிப்பைத் தூக்கி எறிய எந்த விவசாயிக்கும் மனசு வராது. எறிந்தால் அந்தக் காசை ஏற்றுமதியாளர் கொடுப்பாரா என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இல்லை. விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இரண்டு பறிப்பின் காசை யார் ஏற்பது என்று தீராதவரை அது லேபிளிலேயே தங்கிவிடும்.

நாம் அடிக்காமலேயே மாட்டுவதும் உண்டு. பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படியலாம். பருத்திக்கு அடித்த ஸ்பிரேயரைச் சரியாகக் கழுவாமல் இங்கே கொண்டுவந்து வேறு மருந்து ஊற்றி அடித்திருக்கலாம். பத்துக் கோடியில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கிற கருவிக்கு டேங்க்கின் அடியில் தங்கிய கசடே தாராளம்.

கழுவினால் போய்விடாதா என்று கேட்பார்கள். மேலாகப் படிந்தது கொஞ்சம் போகும். செடி உறிஞ்சிக்கொண்ட மருந்து இலைக்குள் இருக்கிறது, அது தண்ணீருக்கு அசையாது. அதோடு கறிவேப்பிலையைக் கழுவி ஈரம் போகாமல் பெட்டி கட்டினால் மறுநாளே கறுக்கத் தொடங்கிவிடும்.

ரிப்போர்ட் வரும்வரை

பறித்த சரக்கு பேக் ஹவுசுக்கு வருகிறது. வாசலில் செருப்பை மாற்ற வேண்டும், தலைக்கு வலை, கைக்கு உறை. வளையல், மோதிரம் கூடாது. உள்ளே ஸ்டீல் மேஜைகள், ஜன்னலுக்கு வலை. இதெல்லாம் பூச்சிமருந்துக்காக இல்லை. கிருமிக்காகவும் பூச்சிக்காகவும். பச்சையாகச் சாப்பிடும் கீரை, கொத்தமல்லி, வெற்றிலை போன்றவற்றில் சால்மோனெல்லா, ஈ கோலை இருந்தால் விஷயம் எம்.ஆர்.எல். மீறலைவிடப் பல மடங்கு தீவிரம். வெற்றிலையில் சால்மோனெல்லா இருந்ததற்காக ஐரோப்பா வங்கதேசத்து வெற்றிலையை உள்ளேயே விடாமல் நிறுத்தியது. பேக் ஹவுசில் காய் கழுவும் தண்ணீரையும் வேலை செய்பவர்களின் கையையும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிப்பது இதனால்தான்.

எச்சச் சோதனைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ சாம்பிள் போகும். ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அதை அரைத்துச் சாறெடுத்து, நூற்றுக்கணக்கான மருந்துகள் இருக்கின்றனவா என்று ஒரே ஓட்டத்தில் பார்ப்பார்கள். ஒரு சாம்பிளுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு டன் சரக்குக்கு இது பெரிதாகத் தெரியாது. எட்டுத் தோட்டத்திலிருந்து எட்டு வகைக் காய் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, கலந்து அனுப்புகிறவருக்கு லாபமே இதில் போய்விடும். வளைகுடா, சிங்கப்பூர், லண்டன் தமிழ்க் கடைகளுக்குப் போகும் சரக்கு பெரும்பாலும் இப்படிக் கலவையாகத்தான் போகிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

நேரம் இன்னொரு பக்கம் நெருக்குகிறது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். பறித்த பிறகு சாம்பிள் அனுப்பி, ரிப்போர்ட் வந்ததும் பெட்டி கட்டினால் வெண்டைக்காயின் ஆயுளில் பாதி முடிந்திருக்கும். அதனால் விவரமானவர்கள் பறிப்புக்குச் சில நாள் முன்பே தோட்டத்தில் சாம்பிள் எடுக்கிறார்கள். ரிப்போர்ட் நன்றாக வந்த பிறகு பறிப்பு. இடைப்பட்ட நாட்களில் தோட்டக்காரர் புழுவைப் பார்த்துப் பதறி இன்னொரு முறை அடித்துவிட்டால்? அதற்கும் ஏற்றுமதியாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சோதனை செய்துவிட்டால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. தேடியதுதான் கிடைக்கும். இதற்குக் காய்கறி அல்லாத ஒரு கதை, ஆனால் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2003-ல் நெதர்லாந்தில் இந்தியத் திராட்சை மெத்தோமில் என்ற மருந்துக்காக மாட்டியது. அதன் பிறகு 2006-ல் கிரேப்நெட் என்ற கண்காணிப்பு அமைப்பு வந்தது. தோட்டம் தோட்டமாகப் பதிவு, கட்டாயச் சோதனை என்று எல்லாம் ஒழுங்கானது. 2010-ல் மறுபடி அடி விழுந்தது. இந்த முறை குளோர்மெக்வாட் என்ற, செடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ரசாயனம். இங்கே சோதிக்க வேண்டிய ரசாயனப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. சோதித்த ரிப்போர்ட் எல்லாம் சுத்தம், சரக்கு மட்டும் அங்கே தேங்கியது. கிரேப்நெட்டைப் பார்த்துப் பிறகு வந்ததுதான் காய்கறிக்கும் சேர்த்த ஹார்ட்டிநெட்.

எல்லையில் நடப்பது

சரக்கு ஐரோப்பிய விமான நிலையத்தில் இறங்கியதும் எல்லாப் பெட்டியையும் பிரிப்பதில்லை. ஒரு நாடு, ஒரு காய் என்று சேர்த்து, இத்தனை சதவீதச் சரக்குகளைப் பிடித்துச் சோதிக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்கிறார்கள். மீறல் கூடினால் சதவீதம் ஏறும். இன்னும் கூடினால், கிளம்பும் நாட்டிலேயே சோதித்து அரசு அதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழோடு வா என்பார்கள். அதற்கும் மேல் போனால் தடை. 2019 விதித்தொகுப்பு வந்தபோது கறிவேப்பிலை இரண்டாம் படியில், அதாவது சான்றிதழோடு வர வேண்டிய படியில், நின்றது.

சோதனைக்குப் பிடித்த சரக்கு ரிப்போர்ட் வரும்வரை எல்லையிலேயே நிற்கலாம். செலவு இறக்குமதியாளர் தலையில், அதாவது கடைசியில் நம் தலையில். அரிசியோ மஞ்சளோ என்றால் ஒரு வாரம் நின்றால் ஒன்றுமில்லை. கறிவேப்பிலை நான்கு நாள் நின்றால் ரிப்போர்ட் பாஸ் ஆகியும் இலை பெயில். விதியை மீறாதவரும் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான், அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

மீறல் கண்டுபிடிக்கப்பட்டால் உடனே ஆர்.ஏ.எஸ்.எஃப்.எஃப். என்ற எச்சரிக்கை வலையில் ஏறும். 1979 முதல் இருக்கும் ஏற்பாடு இது. ஹாம்பர்க்கில் பிடித்த செய்தி அன்றைக்கே மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் போய்விடும். பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் எந்த நாடு, என்ன பொருள், என்ன ரசாயனம், எவ்வளவு என்று வரும். கம்பெனி பெயர் வராது. அந்த மீறல் இந்தியக் கறிவேப்பிலை என்ற கணக்கில்தான் சேரும். யாரோ ஒருவர் கவனக்குறைவாக அனுப்பிய ஐம்பது பெட்டிக்காக, ஒழுங்காக அனுப்பிய அத்தனை பேர் சரக்கும் கூடுதலாகச் சோதனைக்கு நிற்கும். கென்யாவுக்கும் இதேதான் நடந்தது. டைமெத்தோயேட் எச்சத்துக்காக 2013-ல் அந்த நாட்டு பீன்ஸ், பட்டாணிச் சரக்குகளில் 10 சதவீதத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

அமெரிக்க முறை கொஞ்சம் வித்தியாசம். அங்கே பெரும்பாலும் கம்பெனி பெயரோடுதான் எச்சரிக்கைப் பட்டியல். பட்டியலில் ஏறிய கம்பெனியின் சரக்கைச் சோதிக்காமலே நிறுத்தி வைக்கலாம். சுத்தம் என்று நிரூபிப்பது கம்பெனியின் பொறுப்பு. தப்பு செய்தவரோடு தண்டனை நிற்கிறது என்பதால் எனக்கு அது மேல் என்று தோன்றுகிறது. ஆனால் பெயரை மாற்றி வேறு கம்பெனி தொடங்கி அனுப்புகிற நம் ஊர்ச் சாமர்த்தியத்தையும் மறந்துவிடக்கூடாது.

பாதுகாப்பு விதிகள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதன் காரணம் புரிய 2011 மே மாதத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் ஒரு புது வகை ஈ கோலை கிருமியால் மக்கள் கொத்துக்கொத்தாக மருத்துவமனைக்கு வந்தார்கள். கிட்டத்தட்ட 4,000 பேருக்கு நோய், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் சந்தேகம் என்றார்கள். அவ்வளவுதான், ஸ்பெயினில் லாரி லாரியாகக் காய்கறியைக் கொட்டி அழித்தார்கள். பிறகு பார்த்தால் காரணம் வெள்ளரி இல்லை, முளைகட்டிய வெந்தயம். அந்த வெந்தயம் 2009-ல் எகிப்திலிருந்து வந்த ஒரு லாட் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஜூலையில் சொன்னது, எகிப்து அதை மறுத்தது. நஷ்டப்பட்ட காய்கறி விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு ஒதுக்க வேண்டி வந்தது. எந்தப் பெட்டி எந்தத் தோட்டம் என்று சில மணி நேரத்தில் சொல்ல முடியவில்லை என்றால் சம்பந்தமே இல்லாத வெள்ளரிக்காரன் அழிந்துபோவான். பெட்டியில் லாட் எண் ஒட்டு, தோட்டப் பதிவேடு வை, எந்தத் தேதி என்ன மருந்து என்று எழுது என்று நச்சரிப்பது இதற்காகத்தான்.

யார் நிற்கிறார்கள், யார் விலகுகிறார்கள்

அரசு விதிகளுக்கு மேலே கடைக்காரர் விதி ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகள் 1997-ல் சேர்ந்து உருவாக்கிய யூரெப்கேப் என்ற தோட்டத் தரச் சான்று 2007-ல் குளோபல்கேப் ஆனது. சட்டப்படி இது கட்டாயமில்லை. ஆனால் சான்று இல்லாவிட்டால் பெரிய கடை உங்கள் போனை எடுக்காது. ஜெர்மனியில் சில கடைத் தொடர்கள் சட்ட வரம்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கலாம் என்று கேட்கின்றன. தமிழர், பஞ்சாபிகள் நடத்தும் சின்னக் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள் இந்தச் சிக்கலிலிருந்து ஓரளவு தப்பிக்கிறார்கள், ஆனால் எல்லை அதிகாரியிடம் இருந்து தப்ப முடியாது.

இதனால் தொழிலில் மெல்ல ஒரு பிரிவு நடந்திருக்கிறது. காசு உள்ளவர்கள் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தோ, விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டோ, மருந்தைத் தாங்களே வாங்கிக் கொடுத்து, சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தோட்டம் தோட்டமாகப் பார்க்கிறார்கள். வேப்பெண்ணெய்க் கரைசல், மஞ்சள் ஒட்டுப்பொறி என்று மாறுகிறார்கள். மற்றவர்கள் ஐரோப்பாவைக் கைவிட்டு வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பினார்கள். அங்கே விதி இல்லை என்று அர்த்தமில்லை. மருந்து எச்சத்துக்காக 2014-ல் சவூதி நம் பச்சை மிளகாயையே நிறுத்தியது. 2018-ல் நிபா வந்தபோது வளைகுடா நாடுகள் சில கேரளக் காய்கறி, பழங்களுக்குக் கதவடைத்தன. அவ்வளவு ஏன், 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் அதிகம் என்று கேரளாவே பிரச்சினை எழுப்பியது. பாலக்காட்டுக் கணவாய் தாண்டுவதும் ஒரு ஏற்றுமதிதான் என்று அன்றைக்குப் பலருக்கும் புரிந்தது.

சின்ன விவசாயிதான் இதில் அதிகம் விலகிப்போகிறார். அரை ஏக்கர் வெண்டைக்குப் பதிவேடு எழுதவும் சாம்பிள் எடுக்கவும் ஆகிற செலவு, இருபது ஏக்கருக்கு ஆகிற செலவைவிட ரொம்பக் குறைந்துவிடாது. ஏற்றுமதியாளருக்கும் ஐம்பது பேரிடம் போன் போட்டு மருந்து டப்பா போட்டோ கேட்பதைவிட மூன்று பேரிடம் கேட்பது சுலபம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் இந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நன்றாக நடக்கும் இடங்களில் அது வேலை செய்கிறது. பெயரளவில் இருக்கும் இடங்களில் செலவு மட்டும் பங்காகிறது.

புதிதாக இறங்குகிறவர் என்னிடம் கேட்டால், ஏற்றுமதி லைசென்ஸ் எடுப்பதற்கு முன்னால், அனுப்ப நினைக்கும் காயை ஒரே ஒரு தோட்டத்தில் பறித்து, சொந்தக் காசில் ஒரு முழு எச்சச் சோதனை செய்து பார்க்கச் சொல்வேன். சில ஆயிரம் ரூபாயில் வரும் அந்த ரிப்போர்ட்டை, போக நினைக்கும் நாட்டின் எம்.ஆர்.எல். பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட்டால், இந்தக் காயை இந்த நாட்டுக்கு அனுப்ப முடியுமா என்று அப்போதே பாதி தெரிந்துவிடும்.

கடைசியாக, அதிகம் கேட்கப்படாத ஒரு கேள்வி. பறிப்புக்கு முந்தின சோதனையில் பெயிலான தோட்டத்துச் சரக்கு எங்கே போகிறது? யாரும் அதை அழிப்பதில்லை. ஏற்றுமதியாளர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், தோட்டக்காரர் மறுநாள் காலை அதை வெட்டி மூட்டை கட்டிப் பக்கத்து மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்றிவிடுவார். மண்டியில் மூட்டையைப் பிரித்து, பச்சையாக இருக்கிறதா, மணக்கிறதா என்று பார்ப்பார்கள். ரிப்போர்ட் கேட்க மாட்டார்கள்.